பென்சிலில் எழுதிய பதினெட்டு மீட்டர்

அம்மா தாயே, என் அருமைப் பொண்டாட்டியே,

முட்டை வேகவைச்சு மூடி வைச்சிருக்கேன். வெறும் வயித்தோட கடல்ல இறங்காதே.

‘தனியா டைவ் பண்ணும்போது பதினெட்டு மீட்டருக்குக் கீழே போகமாட்டேன்’னு எழுதி ஃபிரிட்ஜ்ல ஒட்டினது நீதானே? இன்னைக்குப் பாத்தா, பதினெட்டை அழிச்சுட்டு இருபத்தாறு! இதுக்குத்தான் பென்சில்ல எழுதினியா? கேட்டா, கீழேதான் மீன் நிறைய இருக்குன்னு சொல்லுவே.

மறுபடி பதினெட்டுன்னு மார்க்கர்ல எழுதிட்டேன். இப்ப அழிச்சுப் பாரு. டேங்க்ல பாதிக் காத்து இருக்கும்போதே திரும்பிடு.

மேல வந்ததும் தையல்கடைக்குப் போன் பண்ணு. நேத்து நீ மேல வர லேட்டாக்கின பதட்டத்துல, ஒரே சட்டைக்கு ரெண்டு இடது கை வைச்சுத் தைச்சுட்டேன்.

வண்டி சாவி ஆணியில தொங்குது.

இன்னொண்ணு: தண்ணிக்குள்ள மூச்சை அடக்கவே கூடாதுன்னு ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறே. நீ மேல வர்ற வரைக்கும் இங்கே ஒருத்தன் அடக்கிக்கிட்டு உக்காந்திருக்கான்.