மேல்முறையீட்டில் சேராத கேள்வி

அன்புள்ள பெரியவளுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் நலம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும், எழுதிவிட்டேன். நீயும் மாப்பிள்ளையும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அம்மா சாப்பிடுகிறாள், ஆனால் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. உன் தம்பியின் சட்டைகள் தன்னிடம் தங்கிப்போய்விட்டன என்று இஸ்திரிக்காரர் கொண்டுவந்தார். எனக்குக் கை நீளவில்லை, அம்மாதான் வாங்கினாள்.

மின்சார அலுவலகத்திலிருந்து பதில் வந்ததைப் போனில் சொன்னேன் அல்லவா. சின்னவன் மழையில் கை வைத்த அந்த விளக்குக் கம்பத்தில் ஷாக் அடிக்கிறது என்று முன்பே புகார் வந்ததா, வந்திருந்தால் யார் போய்ப் பார்த்தார்கள், என் பிள்ளை ஏன் செத்தான் என்று அம்மா பெயரில் தகவல் உரிமைச் சட்டப்படி மனுப் போட்டுக் கேட்டிருந்தோம். முதல் இரண்டுக்கும் 'விவரம் திரட்டப்படுகிறது' என்று ஒரே வரி. திரட்டுகிறார்களாம், தேனா திரட்டுகிறார்கள். மூன்றாவதற்கு, 'ஏன் என்பதற்கு விளக்கம் தர இயலாது, ஆவணம் இருந்தால் நகல் தரப்படும்' என்று பதில். அந்தக் கேள்வி அம்மா சொல்லி எழுதியது, தடுக்க எனக்கு மனம் வரவில்லை. சின்னவனின் கவனக்குறைவுதான் காரணம் என்று அவர்கள் எழுதி வைத்திருப்பதைப் பொய்யாக்க, பழைய புகாரின் நகல் ஒன்றுதான் நமக்கு வழி. அதனால் அதே அலுவலகத்து மேலதிகாரிக்கு முதல் மேல்முறையீடு எழுத உட்கார்ந்தோம். அம்மா ஏற்கெனவே பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்தாள். அவன் பிறந்த அன்று பெய்த மழைகூட அதில் இருந்தது. "இதப் படிச்சா கல்லும் கரையும்ங்க" என்றாள். கரைந்தால் ஆழ்ந்த அனுதாபங்கள் என்று எழுதி மூடிவிடுவார்கள், நமக்கு வேண்டியது நகல் என்றேன். சொல்லும்போதே என் மேல் எனக்கு வெறுப்பாக இருந்தது. நீ சொன்னபடி, என்ன கேட்டோம், என்ன பதில் வந்தது, அது ஏன் பதிலாகாது, எந்த நகல் வேண்டும் என்று அரைப் பக்கத்தில் முடித்தேன். மனுவையும் பதிலையும் நகலெடுத்துச் சேர்த்தேன். கெடு முடிய இன்னும் நாள் இருந்தாலும் ஆறப்போடவில்லை. கம்பத்தின் எண் இருக்கிறது, மனுவின் தேதி இருக்கிறது, சின்னவன்தான் அதில் இல்லை.

கையெழுத்துப் போடும்போது இன்னும் ஒன்றே ஒன்று சேர்க்கச் சொன்னாள். கம்பத்தடியில் தேங்கிய தண்ணீரிலிருந்து அவனைத் தூக்கியது யார், அப்போது அவன் ஏதாவது பேசினானா என்று. மனுவில் கேட்காததை மேல்முறையீட்டில் புதிதாகக் கேட்டால் அதையே சாக்காக வைத்துத் தள்ளிவிடுவார்கள் என்று நீ சொன்னதைச் சொன்னேன். "அப்ப இத யார்கிட்டதாங்க கேக்கறது" என்றாள். கையெழுத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். நான் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு வந்தேன். ஒப்புகை அட்டை இன்னும் வரவில்லை.

நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும், அது போதும் எங்களுக்கு. மழை பெய்யும்போது தெருவிளக்குக் கம்பத்தைத் தொடாதே. இங்கெல்லாம் அப்படி நடக்காதுப்பா என்பாய். நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம்.

இப்படிக்கு,
அப்பா