இரண்டு விரல் துணி

ஆகஸ்ட் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். நீ நலமா என்று கேட்டால் ஒரே சொல்லில் முடித்துவிடுகிறாய். போன கடிதம் அரைப் பக்கம்தான். அதிலும் பாதி, உன் எழுத்து பெரிதாக இருப்பதால் வந்தது. போனில் பேசலாம் என்றால் நீ ஹலோ சொல்வதற்குள் அம்மா அழ ஆரம்பித்துவிடுகிறாள். அதனால் கடிதத்தையாவது ஒழுங்காக எழுது.

உன் கடிதத்தை அடுப்படியில் அம்மாவுக்கு உரக்க வாசித்துக் காட்டுகிறேன். அப்போதெல்லாம் முன்னறையில் அப்பாவின் தையல் மிஷின் நின்றுவிடுகிறது. எட்டிப் பார்த்தால் நூல் அறுந்துவிட்டது என்கிறார். உன் கடிதம் வரும் நாளில் மட்டும் அறுகிற நூல் அது.

நீ வீட்டைவிட்டுப் போனதைப் பற்றி அவர் இன்னும் வாயைத் திறக்கவில்லை. யாராவது கேட்டால் கத்தரிக்கோல் கதையைத்தான் சொல்கிறார். வேலை உத்தரவு வந்த உறையை நீ துணி வெட்டும் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டாயாம். காகிதம் வெட்டினால் கூர் போய்விடும் என்று தெரிந்தே வெட்டினாயாம். நேற்று பட்டன் கடைக்காரர், "அதுக்காகவா பெத்த பொண்ணோட பேசாம இருக்கீங்க?" என்று கேட்டார். "பின்ன எதுக்கு?" என்றார் அப்பா. ராத்திரி வேலை கூடாது என்று அவர் கத்தியதும் நீ பெட்டியைத் தூக்கியதும் அந்தக் கதையில் வருவதே இல்லை.

முக்கியமான செய்தியைக் கடைசியில் வைத்திருக்கிறேன். கட்டுரைப் போட்டியின் இறுதிச் சுற்றுக்கு என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். உன் ஊரில்தான், 22ஆம் தேதி. துணைக்கு அப்பா வருகிறார். முந்தின நாள் ராத்திரி வந்து இறங்குவோம். உன்னைப் பார்க்க முடியுமா?

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
தங்கை


ஆகஸ்ட் 10

என் வாத்தியாரம்மாவுக்கு,

கட்டுரைக்கு வாழ்த்துகள். நீளமாக எழுதச் சொன்னாயே, இதோ.

லாரி கம்பெனியில் எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று பார்த்து டிரைவர்களுக்கு வழி சொல்வது என் வேலை. முடியும்போது நள்ளிரவாகிவிடும். அந்நேரத்துக்குத் திறந்திருப்பது, ரயில் நிலையத்துக்குப் பின்தெருவில் என் விடுதிக்கு எதிரே உள்ள கொரிய உணவகம் ஒன்றுதான். மொத்தமே ஆறு மேசை. ஒவ்வொன்றின் நடுவிலும் ஓர் அடுப்பு. கறியை நாமே சுட்டுத் தின்னலாம். ஆனால் ஒற்றை ஆளுக்கு அடுப்புப் பற்றவைக்க மாட்டார்கள். எட்டு மாதமாக நான் நூடுல்ஸ் சூப்பைக் குடித்துக்கொண்டு பக்கத்து மேசை வாசனையைத் தொட்டுக்கொள்கிறேன்.

இன்னொன்று கேள். அங்கே கறியை வெட்டுவது கத்தரிக்கோலால். முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

உன்னைப் பார்க்கப் போட்டி நடக்கும் இடத்துக்குக் காலையில் வந்து தூரத்தில் நிற்பேன். அப்பாவை மட்டும் என் முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிடாதே. என்னைப் பார்த்ததும் அவர் எழுந்து போய்விட்டால் தாங்க எனக்குத் தெம்பில்லை.

அக்கா


ஆகஸ்ட் 25

அன்புள்ள அக்காவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தோம். எனக்கு மூன்றாம் பரிசுதான் என்பதில் வருத்தமில்லை. அந்த ராத்திரியை நீயும் பார்த்தாய். ஆனாலும் நீ பார்க்காத பாதி என்னிடம் இருக்கிறது. எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

நீ சொன்னபடியேதான் நடந்தேன். அப்பாவிடம் உன் பேச்சையே எடுக்கவில்லை. ரயிலிலேயே பன் தின்றாயிற்று. லாட்ஜ் அறையில் நான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். அப்பா சட்டையைக்கூடக் கழற்றாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நள்ளிரவு ஆனதும் செருப்பை மாட்டினார்.

"கிளம்பு. அந்த ஆறு மேசைக் கடை எந்தப் பக்கம்?"

ஆறு மேசை என்று நான் அவரிடம் சொன்னதே இல்லை. எல்லாம் நூல் அறுந்த நேரத்தில் காதில் விழுந்தது.

கடைக்கார அம்மா எத்தனை பேர் என்று சைகையில் கேட்டார். இருந்தது நாங்கள் இரண்டு பேர். அப்பா மூன்று விரலைக் காட்டினார்.

உடனே குட்டிக் குட்டிக் கிண்ணங்களில் தொடுகறிகளாக மேசை நிறைந்தது. நாம் கேட்கவே இல்லையே என்று அப்பா அவற்றைத் தள்ளி வைத்தார். அந்த அம்மா திரும்ப இழுத்து வைத்தார். இரண்டு முறை இப்படி நடந்த பிறகு அப்பா தோற்றுப்போய் கிம்ச்சி என்ற கொரிய ஊறுகாயில் ஒரு துண்டை வாயில் போட்டார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முட்டைக்கோஸ் புளித்துப்போய்விட்டது, பாவம், அந்த அம்மாவிடம் மெதுவாகச் சொல் என்றார்.

அப்போதுதான் நீ வந்தாய். கதவைப் பிடித்த கையை விடாமல் நின்றாய். அப்பா எழுந்தார். போய்விடப் போகிறார் என்றுதானே நினைத்தாய்? நானும் அதைத்தான் நினைத்தேன். அவர் சுவரோர இடத்தை உனக்கு விட்டுவிட்டுத் தள்ளி உட்கார்ந்தார்.

அதன்பிறகு கறி மட்டும்தான் சத்தம் போட்டது. கடைக்கார அம்மா கத்தரிக்கோலோடு வந்ததும் நீ தலையைக் குனிந்துகொண்டாய். அதனால் இதைப் பார்த்திருக்க மாட்டாய்: அப்பா அதைக் கேட்டு வாங்கி, கட்டைவிரலால் கூர் பார்த்து, விளக்கில் பிடித்துப் பார்த்தார். பிறகு சொன்னது உனக்குக் கேட்டிருக்கும்.

"இதுல பேப்பர் கீப்பர் வெட்டிடலையே?"

நீ சிரித்தாயா, அழுதாயா? முகத்தைக் கையால் மூடிக்கொண்டாய். அவர் பாட்டுக்கு வெட்டினார். எல்லாத் துண்டும் ஒரே அகலம். அந்த அம்மா பக்கத்து மேசைக்காரர்களை வேறு கூப்பிட்டுக் காட்டினார்.

"தின்னும்மா. தோள் எலும்பு தெரியுது."

திரும்பி வரும்போது ரயிலில் என்னை எழுப்பி நிற்கவைத்து, உன் உயரம் எனக்கு எதுவரை வரும் என்று கேட்டார். பிறகு தூங்கிப் போனார். நீ போனதிலிருந்து அவர் குறட்டை விட்டு நான் கேட்டதில்லை. பெட்டி முழுக்கக் கேட்டது.

கோபம் போய்விட்டதா என்று நேற்று நேராகவே கேட்டேன். "கத்தரிக்கோலைச் சாணைக்குக் குடுத்திருக்கேன்" என்கிறார். இதற்கு ஆமாம் என்று அர்த்தமா, இல்லை என்று அர்த்தமா? உடனே எழுது.

உன் வாத்தியாரம்மா


செப்டம்பர் 6

வாத்தியாரம்மா,

ஆமாம் என்றுதான் அர்த்தம்.

நேற்று ஒரு பொட்டலம் வந்தது. உள்ளே ஒரு வரிகூட எழுதவில்லை. நீலத்தில் ஒரு சட்டை மட்டும். அளவு நாடா என் மேல் படவே இல்லை. தோள் அத்தனை கச்சிதம். உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன். இரண்டு பக்கத் தையலிலும் இரண்டு விரல் துணியை மடித்து விட்டிருக்கிறார், நான் சதை போட்டால் பிரித்து விடுவதற்கு. வேறு தையல்காரர் அதில் கை வைத்தால் அவர் சும்மா இருப்பாரா? பிரிக்க நான்தான் ஊருக்கு வர வேண்டும்.

அதைப் போட்டுக்கொண்டு ராத்திரி சாப்பிடப் போனேன். கடைக்கார அம்மா மூன்று விரலைக் காட்டினார். மற்ற இருவரும் ஊரில் இருக்கிறார்கள் என்று தூரத்தில் கையைக் காட்டினேன். தலையை ஆட்டிவிட்டு, எனக்கு ஒருத்திக்காக அடுப்பைப் பற்றவைத்தார்.

மாதக் கடைசியில் லீவு சொல்லியிருக்கிறேன். அம்மாவிடம் இப்போதே சொல்லி அழுது முடிக்கச் சொல். இதை வாசிக்கும்போது மிஷின் நின்றால், நிற்கட்டும்.

பொட்டலத்தை எதால் பிரித்தேன் என்று அப்பா கேட்டால், பல்லால் என்று சொல்.

அக்கா