கோணல் கையெழுத்து

ஆவணி 11, புதன்.

வெள்ளிக்கிழமை பேத்திக்குக் கல்யாணம். நகையெல்லாம் ஓசூர் பேங்க் லாக்கரில் இருக்கிறது. எடுக்கப் போனால் கையெழுத்து ஒத்துப்போகவில்லையாம்.

லாக்கர் எடுத்தபோது நான் எழுத்துப் பழக ஆரம்பித்து ஒரு மாதம்தான். நண்டு ஊர்ந்த மாதிரி போட்டுக் கொடுத்தேன். பிறகு ஒன்றரை வருடம், தினம் ஒரு பக்கம் எழுதி, இப்போதுதான் என் பெயர் நேராக நிற்கிறது.

"பழைய மாதிரியே போடுங்க தாத்தா," என்றாள் பேங்க் பெண்.

"கைநாட்டு வெக்கிறேம்மா."

"கையெழுத்துன்னு பதிஞ்சிருக்குதுங்க. வீட்ல பழகிட்டு நாளைக்கி வாங்க."

சாயங்காலத்திலிருந்து கோணலாக எழுதிப் பார்க்கிறேன். கை கேட்க மாட்டேன் என்கிறது.

"எடது கையில போட்டுப் பாருங்களேன்," என்றாள் மனைவி, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

போட்டேன். அச்சு அசல் அதேதான். நாளைக்கு அந்தப் பெண் முன்னால் இடது கையில் பேனா பிடிக்க வேண்டும். இதற்கா ஒன்றரை வருடம் எழுதிப் பழகினேன்?