சாட்சியின் முகவரி

அக்டோபர் 16, புதன்

இல்லை, யாருமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. மிரேயா செவ்வாய்தோறும் மாடிப்படி துடைக்க வருகிறாள். மளிகைப் பையைக் கதவருகே வைத்துவிட்டுப் போகிற ஒருவன் உண்டு. ஆனால் இந்தத் தபால் வாக்கு உறையின் பின்புறம் கேட்பது வேறு. சாட்சி. வயது வந்த அமெரிக்கக் குடிமகன் ஒருவர் என் எதிரே உட்கார்ந்து வெற்று வாக்குச்சீட்டைப் பார்க்க வேண்டும். நான் குறியிடும்போது உடனிருக்க வேண்டும், எதில் குறியிட்டேன் என்று பார்க்கக் கூடாது. பிறகு பெயர், கையெழுத்து, முகவரி. தபாலில் வாக்களிக்க எங்கள் மாநிலத்தில் இதுதான் விதி.

போன இரண்டு தேர்தல்களிலும் இது ஒரு விஷயமாகவே இல்லை. சமையலறை மேசையில் டோபியாஸுக்கு நான், எனக்கு டோபியாஸ். ஐந்து நிமிடம். கணவன் எதற்கெல்லாம் தேவைப்படுவான் என்று யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

இப்போது மூன்றாவது மாடி. லிஃப்ட் இல்லை. முழங்கால்வரை மாவுக்கட்டு. முப்பத்தெட்டுப் படிகள்.

அக்டோபர் 19, சனி

டோபியாஸை அழைத்தேன். விவாகரத்துக்குப் பிறகு மூன்றாவது முறை. மாடிசன் நகரத்திலிருந்து இவ்வளவு தூரம் வர முடியாது என்றான். அவனுக்குப் பின்னால் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம்.

"நீ குறி போட்டு எனக்குத் தபால்ல அனுப்பிடு ரூனா. நான் கையெழுத்துப் போட்டு உன் ஊர் ஆபீஸுக்கு அனுப்பிடறேன். யாருக்குத் தெரியப் போவுது?"

என்னைப் பார்க்காமலே பார்த்ததாகச் சொல்ல அவனால் முடியும். ஐந்து வருடம் அதைத்தானே செய்தான்.

வேண்டாம் என்றேன்.

அக்டோபர் 22, செவ்வாய்

மிரேயாவிடம் கேட்டேன். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சிரித்தாள். ஹோண்டுராஸிலிருந்து வந்து பதினோரு வருடமாம்.

"இந்த ஊர்ப் படியெல்லாம் நான் தொடைச்சது. கையெழுத்து மட்டும் செல்லாது. கீழ்வீட்டு டார்லாகிட்ட கேளுங்க, அவ இங்கேயே பொறந்தவ."

டார்லா. என் ஊன்றுகோல் சத்தம் தாங்காமல் இரண்டு முறை கம்பால் கூரையை இடித்தவள். ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி மிரேயாவிடம் கொடுத்தனுப்பினேன்.

அக்டோபர் 23, புதன்

வந்தாள். ஐம்பது வயதிருக்கும். பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். சீருடையைக் கழற்றாமலே வந்திருந்தாள். "இப்பத்தான் தெரியுது, மேல இருக்கறது குதிரை இல்லைன்னு," என்றாள்.

நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். நான் குறியிட்டேன். அதிபர், செனட், மாவட்டப் பத்திரப் பதிவாளர் வரைக்கும். அவள் திரும்பவே இல்லை. ஒருமுறை மட்டும், "இன்னும் எவ்ளோ நேரம் பிடிக்கும்? வெள்ளரிக்காய் ஊறுகாய் இருந்தா எடு," என்றாள்.

இந்த வீட்டில் இன்னொருவர் மூச்சுவிடும் சத்தத்தோடு பதினெட்டு நிமிடம். கடிகாரத்தைப் பார்த்தேன் என்பதே வெட்கமாக இருக்கிறது.

உறை ஒட்டினேன். கையெழுத்திட்டாள். போகிற வழியில் அவளே தபாலில் போட்டாள்.

அக்டோபர் 29, செவ்வாய்

உறை திரும்பி வந்துவிட்டது. பிரிக்கவில்லை. நகர அலுவலகத்தின் மஞ்சள் சீட்டு: சாட்சியின் முகவரி இல்லை. நவம்பர் 5 இரவு எட்டுக்குள் சரிசெய்யாவிட்டால் எண்ணப்படாது.

நான் கவனிக்கவில்லை. எப்படிக் கவனிக்காமல் போனேன்?

அலுவலகத்தை அழைத்தபோது ஒரு பெண் பேசினாள். சாட்சியின் முகவரி உங்களுக்கே தெரியும் என்றால், அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நீங்களே எழுதலாம் என்றாள். அவ்வளவுதானாம்.

அக்டோபர் 30, புதன்

அவ்வளவு இல்லை.

டார்லா கதவைத் தாண்டி உள்ளே வரவில்லை. முகவரியை மறக்கவில்லை, வேண்டுமென்றேதான் எழுதாமல் விட்டாள். கீழ்வீட்டு வாடகை ஒப்பந்தம் அவள் அண்ணன் பெயரில் இருக்கிறது. அவன் டகோட்டாவில் எண்ணெய்க் கிணற்று வேலையில். அவள் இங்கே இருப்பது வீட்டு உரிமையாளருக்குத் தெரியாது.

"அந்த ஆபீஸ்ல உக்காந்திருக்கறது யாரு தெரியுமா? வீட்டு ஓனரோட மச்சினி. நான் ஏன் ஓட்டே போடறதில்லன்னு நெனச்ச? மொதல் கேள்வியே எங்க இருக்கன்னுதான். என் பேரு வேணும்னா வச்சுக்க. முகவரி எழுதாத."

சரி என்றேன்.

நவம்பர் 2, சனி

மேசையில் உறை. பக்கத்தில் பேனா. ஒரே ஒரு வரி.

நவம்பர் 3, ஞாயிறு

மச்சினி கவனிக்காமலே போகலாம். ஆயிரம் உறைகளில் ஒன்று. யாருக்குத் தெரியப் போகிறது — சே. இது யாருடைய வாக்கியம்?

பேனாவை அலமாரிக்குள் வைத்தேன்.

நவம்பர் 5, செவ்வாய்

பகல் இரண்டு மணிக்குப் படியில் உட்கார்ந்து இறங்கத் தொடங்கினேன். ஒவ்வொரு படியாக, மாவுக்கட்டை முன்னால் நீட்டிக்கொண்டு. ஊன்றுகோல்களை முதலில் சறுக்கிவிட்டேன். இருபத்தைந்து நிமிடம். டாக்ஸிக்காரர் பின்கதவைத் திறந்து பிடித்தார்.

தீயணைப்பு நிலையத்தில் வாக்குச்சாவடி. அலுவலர்கள் இருவர் காருக்கே வந்தார்கள். பழைய உறையை வாங்கி என் கண்ணெதிரே ரத்துசெய்து கிழித்தார்கள், புதுச் சீட்டு தந்தார்கள். கூட யாராவது வந்திருக்கிறார்களா என்று கேட்டாள் ஒருத்தி. இல்லை என்றேன். மடியில் வைத்துக் குறியிட்டேன்.

ஏறுவதைப் பற்றி யோசிக்கவே இல்லை. இரண்டாம் மாடித் திருப்பத்தோடு கைகள் நின்றுவிட்டன. டார்லாவின் கதவுக்கு நேர் எதிரே. எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. பள்ளிப் பேருந்தை நிறுத்திவிட்டு அவள் வந்தபோது நாலே முக்கால்.

ஒரு வாரமாக என் கண்ணில் படாமல் இருந்தவள். படியில் எனக்குக் கீழே உட்கார்ந்தாள்.

"அந்தக் கவர் என்னாச்சு?"

"கிழிச்சுட்டாங்க."

"என் பேரு?"

"அதுவும் சேர்ந்துதான்."

சாவிக்கொத்தைச் சட்டைப்பைக்குள் போட்டாள்.

"நீ எழுதியிருக்கலாம். எழுதியிருப்பன்னுதான் ராத்திரியெல்லாம் நெனச்சேன்."

"நீங்க வேண்டாம்னு சொன்னீங்க."

 ஊன்றுகோல்கள் இரண்டையும் எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "ஏறு. பின்னால இருக்கேன்," என்றாள்.

மிச்சப் படிகளை உட்கார்ந்தபடியே ஏறினேன். இருவரும் உள்ளே வந்ததும் சூப் டப்பா ஒன்றைத் திறந்தேன். பிறகு இன்னொன்றையும்.