கதவோரத்தில் மூன்று அடி

அக்டோபர் 6
கூரை ஏறிவிட்டது. மழைக்கு முன்னால் டிரெய்லர் வண்டியை விட்டு வீட்டுக்குள் படுக்க வேண்டும். இல்லையென்றால் அர்லீன் குளிர்காலம் முழுக்க அக்கா வீட்டுக்குப் போய்விடுவாளாம். கட்டிக்கொண்டவளை மூன்று வருஷமாக டிரெய்லரில் வைத்திருக்கிறேன், அவள் கேட்பது நியாயம்தான்.

அக்டோபர் 8
நிலநடுக்கம் தாங்கும் சுவர்களுக்குப் பலகை அடிக்கிறேன். வரைபடத்தில் பத்துப் பென்னி அளவு ஆணி, தடித்த ரகம். என் ஆணித்துப்பாக்கியோ மெலிந்த ரகத்தைத்தான் விழுங்கும். அந்த ஆணிப் பெட்டியிலும் பத்துப் பென்னி என்றுதான் போட்டிருக்கிறது. நீளமும் அதே மூன்று அங்குலம். அடித்தபின் ஆணித்தலையைப் பார்த்து யார் கண்டுபிடிப்பது? கையால் அடித்தால் கிறிஸ்துமஸ் வந்துவிடும்!

அக்டோபர் 9
டப் டப் டப். என்ன சுகம்!

அக்டோபர் 11
நாளை மறுநாள் கட்டட இன்ஸ்பெக்டர் பெட்டன்கோர்ட் வருகிறார். முட்டிவலிக்காரர். குனிய மாட்டார், ஏணி ஏற மாட்டார். கதவுக்குப் பக்கத்தில், மார்பு உயரத்தில் ஓர் ஆணியைப் பிடுங்கச் சொல்லித் தடிமன் பார்ப்பார், அவ்வளவுதான். ஆகவே கதவோரத்தில் மூன்று அடிக்கு மட்டும் தடித்த ஆணி, கையாலேயே. எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன்.

அக்டோபர் 13
"அந்த ஒண்ணப் பிடுங்கு வெர்ன்." மார்பு உயரமேதான்! அளந்தார். "உன்ன மாதிரி நாலு பேர் இருந்தா நான் நிம்மதியா ரிட்டயர் ஆவேன்யா." கையெழுத்து. சிரிப்பை அடக்கி அடக்கி வயிறு வலி.

சாப்பிடும்போது அர்லீனிடம் உளறிவிட்டேன் — எந்தச் சனியன் என் வாயைத் திறந்ததோ. அவள் சிரிக்கவில்லை.

"அவரு கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டாரு. அந்தச் சுவத்துக்குள்ள தூங்கப் போறது யாரு?"

"பூமி ஆடினாத்தானே—"

"இந்த ஊர்ல ஆடாம வேற எங்க ஆடும்?"

அக்டோபர் 14
மழை. மெத்தையைத் தானே இழுத்துப்போய்க் கதவோரம் போட்டிருக்கிறாள். ஒரே ஒரு தலையணை. "இந்த மூணடி என்னுது. நீ உன் கெட்டிக்காரத்தனத்துக்குக் கீழ போய்ப் படு."

அந்தப் பக்கம் படுக்க எனக்கே பயமாக இருக்கிறது. தூ!

அக்டோபர் 15
டிரெய்லரில் தனியாக. நெற்றியில் மழை ஒழுகியது. காலையிலிருந்து மெலிந்ததைப் பிடுங்கி, சற்றுத் தள்ளித் தடித்ததை அடிக்கிறேன். கட்டைவிரல் போச்சு.

அக்டோபர் 19
இன்னும் நான்கு அடி முடிந்தது. அர்லீன் வந்து ஒவ்வோர் ஆணியாகத் தடவிப் பார்த்தாள். மெத்தையைச் சரியாக நான்கு அடி உள்ளே தள்ளினாள். காற்றடிக்கும் கதவோரத்தில் இப்போது என் தலையணை கிடக்கிறது.