தவளையின் வாரம்

மார்ச் 4, செவ்வாய்

சங்கச் செயலாளர் ஆளுக்கொரு நோட்டு கொடுத்தார். நாற்பது பக்கம், கோடு போட்டது. ஸ்டாண்ட்பை வாரத்தில் தினமும் மூன்று விஷயம் எழுத வேண்டுமாம். எங்கே இருந்தாய், எதைச் செய்ய முடியவில்லை, போன் அடித்ததா. காத்திருக்கும் நேரத்துக்குச் சம்பளம் கேட்டுச் சங்கம் போட்ட வழக்கு மே மாதம் விசாரணைக்கு வருகிறது. வீட்டில் காத்திருப்பது ஓய்வுதான், அதற்கு இப்போது கொடுக்கிற படியே அதிகம் என்கிறது நகராட்சி. ஓய்வு இல்லை என்று நாங்கள் காட்ட வேண்டும்.

"கதை எழுதாதே. நடந்ததை எழுது" என்றார்.

நடப்பது இவ்வளவுதான். குடிநீர்க் குழாய்க்கும் சாக்கடைக்கும் சேர்த்து எங்கள் டிப்போவில் மூன்று பேர்: நான், தவளை, நெட்டை. இரண்டும் நாங்கள் வைத்த பட்டப்பெயர். திங்கள் காலை எட்டு மணிக்கு டிப்போ போன் கைமாறும். யாரிடம் போன் இருக்கிறதோ அவன் அடுத்த திங்கள்வரை, வேலை நேரம் போக மற்ற நேரமெல்லாம், கூப்பிட்ட அரை மணியில் வந்து நிற்க வேண்டும். குடிக்கக் கூடாது, ஊர் தாண்டக் கூடாது. இந்த வாரம் என் வாரம்.

மார்ச் 6, வியாழன்

எங்கே: வீடு.
செய்ய முடியாதது: மனைவிக்குச் செருப்பு வாங்க. நல்ல கடை பாலத்துக்கு அந்தப் பக்கம்.
அடித்ததா: இல்லை.

பாலத்தின் நடுவில் ஒரு விளக்குக் கம்பம் இருக்கிறது. அதைத் தாண்டினால் அரை மணியில் டிப்போவுக்குத் திரும்ப முடியாது. பத்தொன்பது வருடத்தில் அளந்து வைத்த கணக்கு. மாலை அதுவரை நடந்தோம். மனைவி கம்பத்தைத் தொட்டுவிட்டு, "சரி, வெளிநாடு பார்த்தாச்சு, திரும்பலாம்" என்றாள். காலையிலிருந்து ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் நின்று வந்த கால்.

மார்ச் 9, ஞாயிறு

அடித்தது. தலையில் சோப்பு போட்டிருந்தபோது. நாம் குளிப்பது சாக்கடைக்கு எப்படியோ தெரிந்துவிடும் என்பான் தவளை. சந்தை மூலையில் பெரிய குழாய் உடைப்பு. வால்வை மூட இரண்டு மணி நேரம். அங்கிருந்தவர்கள் திட்டினார்கள், ஒருவர் மட்டும் நாற்காலி கொடுத்தார். உட்கார நேரமில்லை.

மார்ச் 12, புதன்

போன் தவளையிடம் போய்விட்டது. என் வாரம் இல்லாதபோது எழுத வேண்டியதில்லை. பழகிவிட்டது, எழுதுகிறேன்.

அண்ணி கூப்பிட்டாள். அண்ணனுக்குக் குரல் சுத்தமாகப் போய்விட்டது. தொண்டையில் வைத்த குழாய் வழியாகத்தான் மூச்சு. சொல்ல வேண்டியதை எழுதிக் காட்டுகிறாராம். "உங்களைத்தான் கேக்கறார் தம்பி. ஒரு நடை வந்துட்டுப் போங்களேன்."

ஸ்டாண்ட்பை என்றேன். எது என் வாரம் என்று அண்ணிக்குத் தெரியாது.

ஏன் அப்படிச் சொன்னேன்?

மார்ச் 23, ஞாயிறு

போனேன். பேருந்தில் இரண்டு மணி நேரம். மனைவிக்கு ஷிப்ட், தனியாகத்தான்.

அண்ணன் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முப்பது வருடம் லாரி இன்ஜினைத் தூக்கி இறக்கியவர், தலையணையைச் சரிசெய்ய அண்ணியைப் பார்த்தார். மடியில் ஒர்க்‌ஷாப் பில் புத்தகம். பின்பக்கத்தில் எழுதுகிறார். 'வேலை எப்படி?' என்று எழுதினார். சொன்னேன். 'இன்னும் குழியில இறங்கறியா?' என்று எழுதினார். ஆமாம், கயிறு கட்டி, காற்றைச் சோதித்துப் பார்த்துத்தான் என்றேன். குழாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரித்தாரா, இருமினாரா தெரியவில்லை. அண்ணி துடைத்துவிட்டாள்.

பதினெட்டு அடிக் குழியில் கழுத்தளவு நாற்றத்தில் நின்றிருக்கிறேன். அந்த அறையில் இருபது நிமிடத்துக்கு மேல் இருக்க முடியவில்லை. சட்டைப் பையைத் தொட்டு, டிப்போவிலிருந்து போன், சத்தத்தைக் குறைத்து வைத்திருக்கிறேன், போக வேண்டும் என்றேன். அண்ணன் என் பையைப் பார்த்தார். 'போ' என்று எழுதினார்.

போன் அடிக்கவில்லை. இது நெட்டையின் வாரம். டிப்போ போன் என்னிடம் இல்லவே இல்லை.

அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் இப்படித்தான். நான் சைக்கிள் நிறுத்துமிடத்தில் நிற்பேன். அண்ணன் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வார்.

செயலாளரிடம் கொடுக்கும்போது இந்தப் பக்கம் வேண்டாம்.

மார்ச் 28, வெள்ளி

என் வாரம். நெட்டை லாரியிலிருந்து இறங்கும்போது விழுந்து காலை உடைத்துக்கொண்டான். இரண்டு மாதம் வர மாட்டான். இனி போன் எனக்கும் தவளைக்கும் மாறி மாறி.

எங்கே: வீடு. செய்ய முடியாதது: எதுவும் தோன்றவில்லை. அடித்ததா: இரண்டு முறை.

மார்ச் 30, ஞாயிறு

அண்ணி. "டாக்டர் நாள் கணக்குதான்னு சொல்லிட்டார். இந்த வாரம் எப்படியாவது வந்துடுங்க தம்பி."

நாளை போனைக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

மார்ச் 31, திங்கள்

எட்டு மணிக்குப் போனைத் தவளையிடம் நீட்டினேன். அவன் மகளுக்கு நேற்று இரவு குழந்தை பிறந்திருக்கிறது, இன்னும் பார்க்கவில்லை. நாலு மணி நேரப் பயணம், இந்த வாரம் முடியாது என்று சும்மா பேச்சுவாக்கில் சொன்னான். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. எழுதும்போது இதைச் சரியாக எழுத வேண்டும்: அவன் கேட்கவில்லை.

நீட்டிய கையை மடக்கிக்கொண்டேன்.

"நீ லீவு போட்டுட்டுப் போய்ப் பேரனைப் பார்த்துட்டு வா. உன் வாரத்தை நான் எடுத்துக்கறேன்."

"உனக்கு ஏதும் வேலை இல்லையா?"

"ஒண்ணுமில்ல."

வாரத்தை மாற்றிக்கொள்வது எங்களுக்குள் உண்டுதான். ஆபீஸ் பட்டியலில் அவன் பெயரே இருக்கும், படியை அவன் வாங்கி என்னிடம் கொடுப்பான். சூப்பர்வைசர் கண்டுகொள்ள மாட்டார். ஆனால் யாராவது கெஞ்சித்தான் மாற்றுவோம். தானாகக் கை நீட்டி யாரும் வாங்கியதில்லை. தவளை கன்னத்தை உப்பிக்கொண்டு என்னையே பார்த்தான். குழியிலிருந்து மேலே வந்ததும் அப்படித்தான் கன்னத்தை உப்பி மூச்சு விடுவான். அந்தப் பெயர் வந்ததே அதனால்தான்.

வீட்டில், நெட்டைக்குக் கால் உடைந்ததால் இந்த வாரமும் எனக்கு என்றேன். அண்ணியிடமும் அதையே.

ஏப்ரல் 2, புதன்

எங்கே: வீடு. அடித்ததா: இல்லை.

ஏப்ரல் 4, வெள்ளி

இல்லை. போன் கெட்டுவிட்டதா என்று மனைவியின் போனிலிருந்து அடித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் அடிக்கிறது.

ஏப்ரல் 6, ஞாயிறு

காலை பத்தரைக்கு அண்ணி. மூச்சு மாறிவிட்டது, உடனே வாங்க.

தவளைக்கு அடித்தேன். நாலு மணி நேரத் தூரத்தில் பேரனை மடியில் வைத்திருக்கிறான். இப்போதே கிளம்புகிறேன் என்றான். நெட்டை கட்டோடு கிடக்கிறான். சூப்பர்வைசர், "போனை யார்கிட்ட குடுத்துட்டுப் போவ? ஒரு மணி நேரம் பொறு, பக்கத்து டிப்போவுல கேக்கறேன்" என்றார். ஒரு மணி நேரம் இரண்டாச்சு, மூணாச்சு. வாசலிலேயே நின்னேன். சட்டை போட்டு, செருப்பு போட்டு. போனைப் போட்டுட்டுப் போயிருக்கலாம்ல? மேசை மேல வச்சுட்டு ஓடியிருக்கலாம்ல? எந்தக் குழாய் உடைஞ்சா எனக்கென்ன?

இரண்டரைக்குப் பக்கத்து டிப்போ ஆள் வந்து வாங்கிக்கொண்டான். மூன்று மணிப் பேருந்து. பாலத்தில் அந்தக் கம்பத்தைத் தாண்டும்போது அண்ணியின் போன் வந்தது. அழுகை மட்டும் கேட்டது.

எங்கே: பேருந்து.
செய்ய முடியாதது:
அடித்ததா: ஏழு நாளில் ஒரு தடவைகூட இல்லை.

ஏப்ரல் 7, திங்கள்

எல்லாம் முடிந்தது. வந்தவர்கள் தம்பி எங்கே, கடைசி நேரத்தில் ஏன் இல்லை என்று கேட்டபோதெல்லாம் அண்ணியே எனக்காகப் பேசினாள். "அவர் டியூட்டியில இருந்தார். விட மாட்டாங்க. ஊருக்கே தண்ணி போகணுமே." ஒவ்வொருவரிடமும், களைக்காமல். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 10, வியாழன்

தவளை துக்கம் விசாரிக்க வந்தான். உட்கார மாட்டேன் என்றான். கண் கலங்கியிருந்தது.

"உங்க அண்ணன் இப்படி இருக்கார்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் போயிருப்பேனாடா? வேலை ஒண்ணுமில்லன்னு சொன்னியே. நான் கேக்கக்கூட இல்ல, நீயாத்தானே வாங்கிக்கிட்ட?"

மனைவி உள்ளேயிருந்து வந்து கதவோரம் நின்றாள். அவன் போனதும், "அப்போ அது உங்க வாரமே இல்ல" என்றாள். கேள்வி இல்லை அது.

ஏப்ரல் 13, ஞாயிறு

மூன்று நாளாக அவள் பேசவில்லை. இன்று துணி மடித்துக்கொண்டே, தலை நிமிராமல், "அக்காகிட்ட யார் சொல்றது? நீங்களா, நானா?" என்றாள். அண்ணியிடம் நானே சொல்கிறேன் என்றேன்.

ஏப்ரல் 29, செவ்வாய்

சொல்லவில்லை.

மே 5, திங்கள்

செயலாளர் நோட்டுகளை வாங்க வந்தார். என்னுடையதை நின்றபடியே புரட்டியவர் ஏப்ரல் ஆறில் நின்றுவிட்டார். தோளில் கை வைத்தார். "இதுக்கு மேல ஒரு சாட்சி வேண்டியதில்லப்பா. இந்த ஒரு பக்கம் போதும்."

முந்தின பக்கங்களையும் படிக்கச் சொன்னேன். படித்தார். பிறகு, மார்ச் முப்பத்தொன்றை மட்டும் எடுத்துவிடலாம், மற்ற டிப்போக்களையும் சேர்த்து நாற்பது பேர் வயிறு இதில் இருக்கிறது என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். கொடுத்தால் முழுசாகக் கொடுக்கிறேன், இல்லாவிட்டால் வேண்டாம் என்றேன். கோபமாக வாங்கிக்கொண்டு போனார்.

இது வேறு நோட்டு. நானே வாங்கியது.

மே 13, செவ்வாய்

விசாரணை. நகராட்சிக் கட்டடத்தில் மூன்றாவது மாடி, நீள மேசை, முப்பது பேர். நகராட்சிக்காக வந்த வக்கீலம்மா மரியாதையாகத்தான் கேட்டார். என் நோட்டில் மஞ்சள் காகிதம் சொருகி வைத்திருந்தார்.

"மார்ச் முப்பத்தொண்ணாம் தேதி யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தலை, இல்லையா?"

"இல்லைங்க."

"ஏழு நாளும் போன் அடிக்கலை. வீட்டுலதான் இருந்தீங்க. அதை ஓய்வுன்னு ஏன் சொல்லக் கூடாது?"

செயலாளர் சொல்லிக்கொடுத்த பதில் ஒன்று இருந்தது. மறந்துவிட்டது.

"அந்த வாரத்தை நான் வாங்கினது தப்பான எண்ணத்துலதாங்க. எங்க அண்ணனைப் பார்க்கப் போகாம இருக்க ஒரு காரணம் வேணும்னு வாங்கினேன். அது ஓய்வா இருந்திருந்தா எனக்குக் காரணமா உதவியிருக்காது. ஓய்வுல இருக்கறவன் போகலாமே."

வக்கீலம்மா தலையைக் குனிந்து நோட்டில் ஏதோ தேடினார். வேறு கேள்வி இல்லை என்றார்.

வெளியே செயலாளர் சிகரெட்டை என் பக்கம் நீட்டினார். எனக்குப் பழக்கமில்லை என்று அவருக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். "முப்பது பேர் முன்னாடி சொல்லிட்டீங்க. ஒருத்தர்கிட்ட சொல்ல முடியல" என்றாள்.

ஜூன் 10, செவ்வாய்

தீர்ப்பு. காத்திருக்கும் நேரம் ஓய்வு அல்ல. மணிக்கு மணி, கால் பங்கு சம்பளம். கேட்டது பாதிச் சம்பளம். இனி வாரத்தை மாற்றிக்கொள்ள ஆபீஸ் கையெழுத்து வேண்டும், காரணமும் எழுதித் தர வேண்டும். அது என்னால் வந்தது. டிப்போவில் யாரும் சொல்லிக்காட்டவில்லை. தவளை மட்டும், "இனிமே பேரன் பொறந்தாக்கூட மனு எழுதணும்" என்றான். சிரிக்கத்தான் சொன்னான். இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

போன் தவளையிடம். பட்டியலிலும் அவன் பெயர்தான்.

மனைவி வருகிறேன் என்றாள், வேண்டாம் என்றேன். பாலத்தைத் தாண்டியபோது கம்பத்தைப் பார்க்கவில்லை.

அண்ணி கட்டிலை அறையிலிருந்து எடுத்துவிட்டிருந்தாள். தரையில் நாலு கால் அடையாளம். அங்கேயே நின்று சொன்னேன். தவளையின் வாரத்தை வாங்கியதை, மார்ச்சில் அடிக்காத போனை அடித்தது என்று சொன்னதை, எல்லாவற்றையும்.

அவள் பில் புத்தகத்தை எடுத்து வந்து ஒரு பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தாள். மார்ச்சில் நான் கிளம்பிய பிறகு அண்ணன் அவளுக்கு எழுதியது. கோணல் எழுத்து.

'போன் அடிக்கல. அம்மாவுக்கும் இப்படித்தான் வாசல்ல நின்னான். திட்டாதே.'

"திட்டக் கூடாதுன்னுதான் இருந்தேன்" என்றாள் அண்ணி. "ஆனா நீங்க வந்திருக்கணும் தம்பி. அவர் அப்படி எழுதினார்ங்கறதுக்காக இல்ல. எனக்கு ஒத்தையா இருந்துச்சு."

புத்தகத்தை மூடி அவளிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "இப்போ போன் யார்கிட்ட இருக்கு?" என்று கேட்டாள்.

"கூட வேலை செய்யறவர்கிட்ட. அவர் வாரம்."

"அப்போ உக்காருங்க. உலை வைக்கறேன், சாப்பிட்டுட்டுப் போலாம்."

உட்கார்ந்திருக்கிறேன். அவள் சமையலறையில் இருக்கிறாள். ஏழு மணிக்கு ஒரு பேருந்து. அதை விட்டால் எட்டரைக்கு ஒன்று இருக்கிறதாம்.