ஒன்பதரை சென்டிமீட்டர்

எஸ்பியர்
ஏப்ரல் 4

அன்புள்ள இங்கெர்,

போன் செய்தால் நீ எடுப்பதில்லை, அதனால் பேனாவை எடுத்தேன். லிஸ்பெத்தும் நானும் பிரிந்து ஏழு வாரம் ஆகிறது. இதற்குள் உனக்குச் செய்தி வந்திருக்கும். நம் ஸ்கீவேயில் யார் வீட்டில் ரொட்டி கருகினாலும் உனக்குத் தெரிந்துவிடுமே. துறைமுகத்துக்குப் பின்னால் ஓர் அறை எடுத்திருக்கிறேன். ஜன்னலைத் திறந்தால் மீன் நாற்றம், மூடினால் என் சமையல் நாற்றம்.

உன்னை விட்டு அவளோடு போனது தப்பு. இரண்டு வருடம் கழித்துச் சொன்னாலும் தப்பு தப்புதான். வீட்டுக்கு வரட்டுமா?

நிலவறையில் நான் பாதியில் விட்டுவந்த தெர்மாகோல் விமானம் இருக்கிறதா, குப்பைக்குப் போய்விட்டதா?

உன்
பிரேபன்

ஸ்கீவே
ஏப்ரல் 11

பிரேபன்,

‘அன்புள்ள’ போடக் கை வரவில்லை. போனில் உன் குரலைக் கேட்டால் இளகிவிடுவேன், பிறகு என்மேலேயே கோபம் வரும். அதனால் எழுது.

விமானம் இருக்கிறது. போன குளிர்காலத்தில் அதை மிதித்து நொறுக்கத்தான் நிலவறைக்கு இறங்கினேன். காலையும் தூக்கினேன். வால் ஒட்டாமல் தனியாகக் கிடந்தது, பார்க்கச் சகிக்கவில்லை. உட்கார்ந்து டேப் போட்டேன். மறுநாளும் இறங்கினேன். இப்போது இறக்கை இரண்டும் வடிவத்துக்கு வந்துவிட்டன. ரிமோட்டைப் பிடிக்க ஹோல்கர் சொல்லித்தருகிறான். மாடல் விமானக் கிளப்பில் உன்னோடு எப்போதும் வாதம் பண்ணுவானே, அந்த ஹோல்கர்தான்.

ஜூன் 12 கிளப்பின் கோடை விழா. முதல் தடவையாக அன்றுதான் அதைப் பறக்கவிடப் போகிறேன். நீயும் வா. வீட்டுக்கு வருவதைப் பற்றி அன்று பேசலாம்.

எந்தப் பசை போடுவது என்று எழுது.

இங்கெர்

எஸ்பியர்
ஏப்ரல் 16

அன்புள்ள இங்கெர்,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். வாசலில் நின்றபடியே இரண்டு முறை.

அலமாரியில் இருக்கும் சின்னக் குப்பிப் பசையைத் தொடாதே. அது தெர்மாகோலைத் தின்றுவிடும். ஒரு சொட்டு விட்டால் ஒரு குழி. பச்சை மூடி போட்டதுதான் இதற்கென்று உள்ளது. ஸ்ப்ரே பெயிண்டும் அப்படித்தான், இறக்கை கூழாகிவிடும். தண்ணீரில் கரைக்கும் பெயிண்டை மெலிதாகப் பூசு. கனம் ஏறினால் பறக்காது. உனக்கு எதிலும் கை தாராளம், அதனால்தான் சொல்கிறேன்.

ஹோல்கரா கற்றுத்தருகிறான்? போகட்டும். அவனுக்கு வேறு வேலை இல்லை.

உன்
பிரேபன்

ஸ்கீவே
மே 20

அன்புள்ள பிரேபன்,

பார், கை வந்துவிட்டது.

மஞ்சள் பூசினேன், மெலிதாகத்தான். கிளப்பில் கேலி தாங்கவில்லை. “என்ன இங்கெர், புருஷனுக்குப் பதிலா விமானமா?” என்று ஒருத்தி கேட்டாள். “இது எவ்வளவு தூரம் போனாலும் ரிமோட்டைத் திருப்பினா வந்துரும்ல” என்றேன். ஹோல்கர் குடித்த காபியை மூக்கால் விட்டான். விழாவன்று விமானத்தைக் கையால் வீசி விடப்போவதும் அவன்தான்.

ஒன்று மட்டும் பாக்கி. எடை எந்த இடத்தில் சமமாக நிற்க வேண்டும்? அதைப் பார்த்துத்தான் உள்ளே பேட்டரியை வைக்க வேண்டுமாம். பெட்டியோடு வந்த தாள் உன் காகிதங்களோடு போய்விட்டது. ஹோல்கரையே கேட்கலாம். ஆனால் இது நீ தொடங்கியது, கடைசி அளவு உன்னிடமிருந்து வரட்டும் என்று நினைத்தேன். அதில் எனக்கு ஒரு சந்தோஷம், அவ்வளவுதான்.

இங்கெர்

எஸ்பியர்
மே 25

அன்புள்ள இங்கெர்,

தாளை முன்னால் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். இறக்கையின் முன் விளிம்பிலிருந்து ஒன்பதரை சென்டிமீட்டர். அங்கே கோடு போட்டுக்கொள். பேட்டரியை நன்றாகப் பின்னால் தள்ளி வை.

ஹோல்கரிடம் இதைக் காட்டிக்கொண்டிருக்காதே, எதையாவது சொல்லிக் குழப்புவான். இந்த ஒரு தடவை என்னை நம்பு.

உன்
பிரேபன்

எஸ்பியர்
ஜூன் 21

என் அன்பு இங்கெர்,

எவ்வளவு அழகாகப் பறந்தது! இரண்டு சுற்று சுற்றிவந்து புல்லில் பூப்போல இறக்கினாய். என்னை அறியாமல் கை தட்டினேன். நான் சொன்ன இடத்தில்தான் பேட்டரி இருந்ததா? கேட்க மறந்துவிட்டேன்.

“பெட்டியைக் கட்டிட்டு வாயேன்” என்று ஸ்ட்ராபெரி கேக்கை வெட்டியபடியே நீ சொன்னாய் பார், அதை நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். அறையை விடுவதாக வீட்டுக்காரரிடம் எழுதிக் கொடுத்தாயிற்று. படகில் வேலை பார்க்கும் ஓர் இளைஞன் முன்பணமும் கட்டிவிட்டான். முப்பதாம் தேதி காலை ரயில்.

உன்னுடையவன்
பிரேபன்

ஸ்கீவே
ஜூன் 24

பிரேபன்,

நீ வீட்டை விட்டுப் போன பிறகு கிளப்பில் ஒரு விதி வந்தது. ஒரு விமானம் கார் கண்ணாடியில் போய் மோதியதிலிருந்து, எதுவும் முதல் தடவை பறக்கும் முன் இன்னொருவர் அதை இரண்டு விரல்மேல் நிறுத்திப் பார்க்க வேண்டும். விழாவன்று காலையில், நீ வந்து சேர்வதற்கு முன், ஹோல்கர் தனக்குத் தெரிந்த இடத்தில் விரல் வைத்து நிறுத்திப் பார்த்தான். வால் தொப்பென்று கீழே போனது.

“இதை வீசினா மூக்கைத் தூக்கிக்கிட்டு மேல போயி, அப்படியே குப்புற விழும். யாரு சொன்ன அளவு இது?”

“பிரேபன். தாளைப் பார்த்து எழுதினான்.”

“என்கிட்டயும் இதே விமானம் இருக்கு இங்கெர். தாள்ல ஏழுன்னு போட்டிருக்கு.”

உன் கடிதத்தைக் காட்டினேன். படித்துவிட்டு மடித்துக் கொடுத்தான். பேட்டரியை முன்னால் தள்ளி வைத்தோம்.

அப்போதும் எனக்கு ஒரு நப்பாசை இருந்தது. கைப்பிழையாக இருக்கும், தாளில் வரி மாறிப் பார்த்திருப்பாய் என்று. பிறகு நீ வேலிப் பக்கம் வந்து நின்றாய், தோளில் பையோடு. பசை, டேப், விமானத்தின் மூக்கில் மாட்டும் புது விசிறி, எல்லாம் கொண்டுவந்திருந்தாய். ஒன்றும் உடைவதற்கு முன்பே ரிப்பேருக்கு வந்த ஆள் அங்கே நீ ஒருவன்தான். ஊர் முன்னால் நானும் ஹோல்கரும் அசடு வழிய வேண்டும், நீ பையைத் திறந்து ஒட்டிக் கொடுக்க வேண்டும், அந்த உபகாரத்தோடு வீட்டுக்குள் வர வேண்டும். இதுதானே கணக்கு? சும்மா வந்திருந்தாலே உள்ளே விட்டிருப்பேன், முட்டாளே. உனக்காக அலமாரியில் பாதியைக் காலி செய்து வைத்திருந்தேன். இதைச் சொல்வது உனக்கு வலிக்கட்டும் என்றுதான்.

அங்கேயே உன்னைக் கேட்டுவிடச் சொன்னான் ஹோல்கர். வேண்டாம் என்று தடுத்தது நான்தான். கேக்கை வெட்டிக் கொடுத்தேன், பெட்டியைக் கட்டச் சொன்னேன். பிறகு தினமும் தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலில் நின்றேன், அறையை விட்டுவிட்டேன் என்று நீ எழுதும்வரை. நேற்று வந்தது.

பூட்டை மாற்றிவிட்டேன். வராதே.

இங்கெர்